சொந்த வீட்டுக்குக் குடிக்கூலி!

மனை நம்முடையது, வீடு நம்முடையது. விளக்கேற்றுவதும் நாம்; ஓட்டை விழுந்தால் ஓடு மாற்றுவதும் நாம். ஆயினும் ஆண்டு பிறந்தால் ஒருவன் வாசலில் வந்து நின்று, "குடிக்கூலியை எடு, இல்லையேல் உன் வீட்டை நீ பூட்டிக்கொள்" என்கிறான். சென்ற ஆண்டு கேட்ட தொகையல்ல, அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கிறான். எந்த ஊர் நியாயம் இதை ஏற்கும்? ஆனால் ஆஸ்பத்திரிகளிலும், பல்கலைக் கழகங்களிலும், நகராட்சிகளிலும், கூட்டுறவு வங்கிகளிலும் இருக்கின்ற கம்ப்யூட்டர் அறைகளில் இன்று நடப்பது இதுதான். சர்வர் யந்திரம் அவர்களுடையது. மின்சாரக் கட்டணம் அவர்களுடையது. காவல் காப்பதும் அவர்கள் ஆட்கள். வாடகை மட்டும் அமெரிக்காவுக்குப் போகிறது.

இது கம்ப்யூட்டர்காரர்களின் தனி விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவும், மாணவனின் மதிப்பெண்ணும், வீட்டு வரி ரசீதும் அந்த அறைக்குள்தான் இருக்கின்றன. வாடகை கட்டுவதும் பொதுப்பணத்திலிருந்துதான்.

ஒண்டுக்குடித்தனத்தின் கதை

முன்பு ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. பெரும்பாலான நேரம் அவை சும்மா கிடந்து மின்சாரத்தைத் தின்றன. ஒரே பெரிய வீட்டைத் தடுத்துப் பத்துக் குடும்பங்களை ஒண்டுக்குடித்தனம் வைப்பதுபோல, ஒரே யந்திரத்தைத் தடுத்துப் பத்து 'மெய்நிகர்' யந்திரங்களாக்கும் வித்தை வந்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தான் ஒரு முழு யந்திரம் என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். தடுப்புச் சுவரை எழுப்பிக் காவல் காக்கும் மென்பொருள்தான் இந்தக் கதையின் நாயகன். இன்று வில்லனாக்கப்பட்டிருப்பதும் அதுதான்.

வித்தை புதிதன்று. ஐ.பி.எம். கம்பெனியின் பெரும் யந்திரங்களில் 1960-களிலேயே இது முளைத்தது, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியாகவும் செய்தது. சாதாரண சர்வர்களில் இதைப் பரப்பிய பெருமை 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் கம்பெனியைச் சேரும். பொருள் நல்ல பொருள். அதை மறுக்க வேண்டியதில்லை. பத்து யந்திரம் இருந்த இடத்தில் மூன்று போதும் என்ற நிலையை அது உண்டாக்கியது. ஆகவே உலகெங்கும் பொது ஸ்தாபனங்கள் அதை வாங்கின. ஒருமுறை விலை கொடுத்து நிரந்தர லைசென்ஸ் பெற்று, பராமரிப்பு உதவிக்கு மட்டும் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டி வந்தன.

ஆனால் வீட்டைத் தடுத்த கொத்தனார் அடிக்கடி எஜமானை மாற்றிக்கொண்டிருந்தார். 2004-இல் இ.எம்.சி. கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. 2016-இல் அந்த இ.எம்.சி.யையே டெல் விழுங்கியது. 2021-இல் வி.எம்.வேர் தனியே பிரிந்தது. 2022 மே மாதம் பிராட்காம் என்ற சில்லு உற்பத்திக் கம்பெனி 6,100 கோடி டாலர் பேரம் பேசியது. 2023 நவம்பர் 22-இல் கைப்பற்றியது.

கை மாறியது, கணக்கும் மாறியது

மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2023 டிசம்பரில், நிரந்தர லைசென்ஸ் விற்பனை இனி இல்லை, எல்லாம் சந்தாவே என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே நிரந்தர லைசென்ஸ் வைத்திருப்பவர் பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் பராமரிப்பு உதவியைப் புதுப்பிக்க முடியாது. உதவி வேண்டுமா? சந்தாவுக்கு வா! தனித்தனியாக வாங்கி வந்த பொருள்களையும் சில மூட்டைகளாகக் கட்டினார்கள். உப்பு வாங்கப் போனவன் புளியையும் மிளகாயையும் சேர்த்தே வாங்கித் தீர வேண்டும் என்பது சட்டமாயிற்று.

வாடகைக் கணக்கிடும் முறையைப் பாருங்கள். பிராசஸர் சில்லுக்குள் 'கோர்' என்று சொல்லப்படும் கணிக்கும் கூறுகள் இருக்கின்றன. அவற்றை எண்ணித்தான் சந்தா. ஆனால் ஒரு பிராசஸரில் எத்தனை குறைவாக இருந்தாலும் 16 என்றே கணக்கு வைக்கப்படும். ஒரு சிறு கல்லூரியில் மூன்று பழைய சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிராசஸர், ஒவ்வொரு பிராசஸரிலும் எட்டு கோர். உண்மையில் இருப்பது 48. பில்லில் வருவது 96! இல்லாத அறைக்கு வாடகை. ஏழையிடம் பாதி, பணக்காரனிடம் முழுமை என்பதல்ல, ஏழையிடம்தான் இரட்டிப்பு.

சிறு ஸ்தாபனங்கள் விலையில்லாமல் பயன்படுத்தி வந்த இ.எஸ்.எக்ஸ்.ஐ. பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் மறுபடியும் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதுதானே என்று கேட்கலாம். நினைத்தால் எடுப்பதும் நினைத்தால் கொடுப்பதும் ஜமீன்தாரின் தர்மம். அதன்மேல் ஒரு ஆஸ்பத்திரியின் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுத முடியாது.

இதில் யாரோ ஒரு முதலாளியின் கெட்ட குணத்தைத் தேடிப் பயனில்லை. 6,100 கோடி டாலர் போட்டவன் அதை எடுத்தாக வேண்டும். புதிய வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து எடுப்பது மெதுவான வழி. இருப்பவரில் எவர் வெளியேற முடியாதோ அவரைப் பிழிந்து எடுப்பது விரைவான வழி. 2018-இல் 1,890 கோடி டாலருக்கு சி.ஏ. டெக்னாலஜீஸ், 2019-இல் 1,070 கோடி டாலருக்கு சைமான்டெக்கின் கம்பெனிகளுக்கான பாதுகாப்பு மென்பொருள் பிரிவு என்று பிராட்காம் வரிசையாக வாங்கியதைக் கவனித்தவர்களுக்கு இது ஆச்சரியமன்று. பொருளின் அருமைக்கு ஏற்ப விலை வைப்பது வியாபாரம்; வாங்குபவனின் தவிப்புக்கு ஏற்ப விலை வைப்பது ஏகபோகம்.

கோர்ட்டுப் படி ஏறியவர்கள்

பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள் மட்டுமல்ல. அமெரிக்கத் தொலைபேசிப் பெருங்கம்பெனியான ஏ.டி. அண்ட் டி. 2024 ஆகஸ்டில் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. சுமார் 75,000 மெய்நிகர் யந்திரங்களை ஓட்டும் அந்தக் கம்பெனி, தன்னிடம் கேட்கப்பட்ட விலையேற்றம் 1,050 சதவீதம் என்று கோர்ட்டில் சொல்லிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் இரு தரப்பும் சமரசமாகப் போயின. முதலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள சண்டை இப்படித்தான் முடியும். சமரச விவரம் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பிரிட்டனில் டெஸ்கோ என்ற மளிகைக் கடைத்தொடர் 2025-இல் 10 கோடி பவுன் நஷ்டஈடு கேட்டு லண்டன் கோர்ட்டுக்குப் போயிற்று.

நமக்குப் பாடம் தருவது மூன்றாவது வழக்கு. நெதர்லாந்தில் சாலைகளையும் நீர்வழிகளையும் மதகுகளையும் பராமரிக்கும் சர்க்கார் இலாகாவுக்கு ரெய்க்ஸ்வாட்டர்ஸ்டாட் என்று பெயர். கடல் மட்டத்துக்குக் கீழே கணிசமான பகுதி கிடக்கும் நாட்டில் அந்த இலாகாவின் வேலை விளையாட்டல்ல. அதுவும் நிரந்தர லைசென்ஸ் வாங்கியிருந்தது. சந்தாவுக்கு மாறினால் செலவு 85 சதவீதம் ஏறும் என்ற நிலையில், "நாங்கள் வேறு மென்பொருளுக்குப் போகிறோம், போய்ச் சேரும்வரை உதவியை நிறுத்தாதே" என்று கோர்ட்டுக்குப் போனது. 2025 ஜூனில் ஹேக் நகரக் கோர்ட்டு, இரண்டு ஆண்டுவரை உதவி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 2,50,000 யூரோ, மொத்தத்தில் இரண்டரைக் கோடி யூரோ வரை அபராதம் என்று உத்தரவிட்டது.

இந்த வெற்றியைச் சரியாக அளக்க வேண்டும். விலையைக் குறை என்று கோர்ட்டு சொல்லவில்லை. பழைய முறையை நிரந்தரமாக்கு என்றும் சொல்லவில்லை. அது கொடுத்தது கால அவகாசம் ஒன்றே. அதையும் பெற்றது, வெளியேறுவதென்று முடிவு கட்டி வாசலில் கால் வைத்திருந்த ஸ்தாபனம். பெரிய வக்கீல்களும், பெரிய இலாகாவும், ஒரு சர்க்காரின் பலமும் சேர்ந்து வாங்க முடிந்தது இரண்டு ஆண்டு. நம் ஊர்க் கூட்டுறவு வங்கி ஹேக் நகரத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா?

அதிகாரிகள் காப்பாற்றுவார்களா? ஐரோப்பியக் கமிஷன் இந்தப் பேரத்தை 2023 ஜூலையில் நிபந்தனையோடு அனுமதித்தது. நிபந்தனை எதைப் பற்றி? பிராட்காமோடு போட்டியிடும் மார்வெல் என்ற இன்னொரு கம்பெனியின் உதிரிப்பாகம் வி.எம்.வேரோடு சேர்ந்து இயங்க இடையூறு செய்யக்கூடாது என்பது பற்றி. ஒரு முதலாளிக்கு இன்னொரு முதலாளியிடமிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. வாடகை கட்டுபவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த அனுமதியையே ரத்துச் செய்யக் கோரி ஐரோப்பிய மேகக் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சங்கம் 2025 ஜூலையில் வழக்குப் போட்டது. காலம் கடந்த ஞானம்!

மாற்று எங்கே?

மாற்று கையருகிலேயே இருக்கிறது. உலகெங்குமுள்ள உழைப்பாளிகள் கூட்டாகக் கட்டி வளர்க்கும் லினக்ஸின் உள்ளேயே, கே.வி.எம். என்ற பெயரில், 2007 முதல் இந்தத் தடுப்புச்சுவர் வித்தை இருக்கிறது. அதன்மேல் அமைந்தது வியன்னாவிலிருந்து 2008-இல் வெளிவந்த பிராக்ஸ்மாக்ஸ். பிரான்ஸிலிருந்து வரும் எக்ஸ்.சி.பி.-என்.ஜி., ஜென் என்ற வேறொரு திறந்த மூல மென்பொருளின்மேல் அமைந்தது. இரண்டின் மூல வரிகளும் திறந்தவை. இவற்றுக்கும் சந்தா உண்டு. ஆனால் கட்டினால்தான் ஓடும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. பிராக்ஸ்மாக்ஸின் சந்தா பிராசஸர் எண்ணிக்கையைப் பொறுத்தது. உள்ளே எத்தனை கோர் என்று எவரும் விரல் விட்டு எண்ணுவதில்லை.

மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி இருக்கிறது, நியூட்டானிக்ஸ் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் ஏற்கெனவே வாங்கியுள்ள இடத்தில் ஹைப்பர்-வி அதிலேயே அடங்கியது. தனி விலை இல்லை. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒரு நிலச்சுவான்தாரிடமிருந்து இன்னொருவரிடம் போவது விடுதலையல்ல என்பதை மறக்கக்கூடாது. எல்லாவற்றையும் மேகத்துக்கு, அதாவது பிறருடைய சர்வருக்கு, ஏற்றிவிடு என்று சொல்லுகிறவர்களுக்கும் இதுவே பதில். இன்று மென்பொருளுக்கு மட்டும் வாடகை. அங்கே சுவருக்கும் கூரைக்கும் சேர்த்து வாடகை. இரவு பகல் ஓயாமல் ஓடும் நிலையான வேலைக்குச் சொந்த யந்திரம் பல இடங்களில் இன்னும் மலிவானது.

"திறந்த மென்பொருளுக்கு யார் பொறுப்பு? நடு இரவில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?" என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. நியாயமான கேள்வி, கேலி செய்து தள்ளக்கூடாது. விலையில்லை என்பதால் செலவில்லை என்று ஆகாது. லைசென்ஸுக்குப் போன செலவு பயிற்சிக்கும் ஆளுக்கும் திரும்புகிறது, அவ்வளவுதான். இந்த உண்மையை மறைத்து, "எல்லாம் இலவசம்" என்று மேலதிகாரியிடம் சொல்லித் தொடங்கப்படும் எந்த மாற்றமும் முதல் விபத்திலேயே கவிழும்.

சிறு பட்ஜெட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை எண்ணுவது. எத்தனை யந்திரம், எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், உள்ளே எத்தனை குடித்தனம், அவற்றில் எவை உண்மையில் வேலை செய்கின்றன, எவை எப்போதோ செத்து மின்சாரம் மட்டும் தின்கின்றன. சந்தா முடியும் நாள் எது? நிரந்தர லைசென்ஸுக்கான ஆதாரக் காகிதம் எங்கே? செத்த குடித்தனங்களைக் காலி செய்தாலே நான்கு சர்வர் மூன்றாகச் சுருங்கும் இடங்கள் உண்டு. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, நாள் குறிப்பது. வி.எம்.வேரின் ஏழாவது பதிப்புக்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-இல் முடிந்தது. எட்டாவது பதிப்புக்கு 2027 அக்டோபர் 11 என்று நாள் அறிவிக்கப்பட்டது. ஆதரவு இல்லாத மென்பொருளை ஓட்டுவது தாழ்ப்பாள் இல்லாத கதவு. 2025 மார்ச்சில் இந்த மென்பொருளில் மூன்று ஓட்டைகள் வெளியாயின. திருத்தம் வருமுன்பே கள்வர்கள் அவற்றில் நுழைந்துவிட்டிருந்தார்கள். ஆகவே, சந்தா முடியும் மாதத்தில் யோசிப்பவன் பேரம் பேச முடியாது. பதினெட்டு மாதம் முன்னே தொடங்குபவன்தான், தங்குவதென்றாலும் போவதென்றாலும், தன் இஷ்டப்படி முடிவு செய்வான்.

மூன்றாவது, ஒதுக்கிப்போட்ட பழைய யந்திரம் ஒன்றில் பரீட்சை. பிராக்ஸ்மாக்ஸில் பழைய குடித்தனங்களை நேரே இழுத்துக்கொள்ளும் வசதி 2024-இல் வந்தது. ஆயினும் விண்டோஸ் குடித்தனத்தை மாற்றுமுன் அதற்குரிய டிரைவர் மென்பொருளை உள்ளே வைக்காவிட்டால் புது வீட்டில் அது கண் விழிக்காது. பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சேமிப்புப் பெட்டி வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய இடத்தில் இருந்த வசதியெல்லாம் புதிய இடத்தில் அதேபடி இராது. முதலில் உபயோகமில்லாத குடித்தனம், அடுத்து சிறியது, கடைசியில் சம்பளமும் நோயாளிப் பதிவும். வி.எம்.வேரில்தான் ஓடும் என்று சொல்லும் மென்பொருள் விற்பனையாளர் இருந்தால், அதை எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒன்றுக்காக ஒரு சிறு சர்வரை மட்டும் பழையபடி வைத்து, மற்றவற்றை விடுவிக்கலாம்.

நான்காவது, கோரம். தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டே சர்வர் இருந்து, நடுவில் கம்பி அறுந்தால், "நான்தான் உயிரோடு இருக்கிறேன்" என்று இரண்டும் சொல்லும். இரண்டும் எழுதினால் கணக்கு நாசமாகும். ஆகவே மூன்றாவது வாக்கு வேண்டும். அது பெரிய யந்திரமாக இருக்க வேண்டியதில்லை. வாக்களிக்க மட்டும் ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் போதும்.

ஐந்தாவது, இரும்பை மதிப்பது. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை அறிவு யந்திரங்களுக்கான வேட்டையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. புதிய சர்வர் வாங்கித்தான் மாற வேண்டும் என்று திட்டமிட்டவர்களின் பட்ஜெட் அங்கேயே முறிந்தது. வி.எம்.வேரின் புதிய பதிப்புகள் பழைய பிராசஸர்களை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. லினக்ஸோ அவற்றில் இன்னும் பல ஆண்டு உழைக்கும். மாற்றத்தின் முதல் லாபம் புதுச் சர்வர் வாங்காமல் ஒத்திப்போடுவதே.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் முந்தியது: காப்பு நகல். வேறொரு யந்திரத்தில், வேறொரு அறையில் நகல் எடுத்து, அதிலிருந்து ஒரு குடித்தனத்தை உயிர்ப்பித்துப் பார்த்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும். உயிர்ப்பித்துப் பார்க்காத நகல், நகலே அல்ல.

சந்தாவுக்கா, சம்பளத்துக்கா?

இவ்வளவும் யார் செய்வது? இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. பல பொது ஸ்தாபனங்களில் சர்வர் அறையின் சாவி ஓர் ஒப்பந்த ஊழியரிடம் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் தான் இருப்போமா என்று அவருக்கே தெரியாது. பயிற்சி இல்லை, துணைக்கு ஆள் இல்லை, லீவு கேட்டால் முகம் சுளிப்பு. அந்த நிலையில் வைக்கப்பட்டவரிடம் மென்பொருளை மாற்று என்றால், "சார், கேட்டதைக் கட்டிவிடுங்கள்" என்றுதான் சொல்வார். ஏகபோகக் கம்பெனியின் பலம் அதன் மென்பொருளில் மட்டும் இல்லை. நாம் நம் ஊழியரை வைத்திருக்கும் நிலையிலும் இருக்கிறது. வெளியாருக்குக் கட்டும் சந்தா 'தவிர்க்க முடியாத செலவு'. உள்ளே ஒரு நிரந்தர உத்தியோகம் 'வீண் செலவு'! இந்தத் தலைகீழ்க் கணக்கு மாறாதவரை எந்த மென்பொருளுக்கு மாறினாலும் அடிமைத்தனம் மாறாது.

முடியும் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் பல ஆண்டுகளாகத் திறந்த மென்பொருளே ஓடுகிறது. வகுப்பறைக் கம்ப்யூட்டர் வேறு, சர்வர் வேறு என்பது சரி. ஆனால் அங்கே முதலில் செய்தது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, படிப்பினை அதுதான். சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-இலேயே பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டது. மத்திய சர்க்கார் 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. அறிவும் இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. டெண்டர் காகிதத்தில் மட்டும் கம்பெனியின் பெயரை எழுதிக் கேட்கும் பழக்கம் போகவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. டெண்டரில் பொருளின் பெயரை எழுதாதீர்கள். வேண்டிய வேலையை எழுதுங்கள். எந்த ஒப்பந்தத்திலும், வெளியேறும்போது எத்தனை மாதம் என்ன விலையில் உதவி என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நெதர்லாந்து இலாகா கோர்ட்டில் பெற்றதை நாம் காகிதத்திலேயே பெறலாம். ஒரு மாவட்டத்தின் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் கூட்டுறவு வங்கிகளும் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஐந்தாறு நிரந்தர ஊழியர் கொண்ட ஒரு பொது அணியை வைக்கட்டும். தனியாக எவராலும் தாங்க முடியாத செலவு, சேர்ந்தால் தாங்கும். கூட்டுறவு என்ற சொல்லுக்கு வேறென்ன அர்த்தம்?

சந்தாவாகக் கட்டிய பணம் மறு ஆண்டில் மறுபடியும் கட்டக் கேட்கும். ஊழியருக்குக் கற்பித்த வித்தையோ அவரிடமே தங்கும். அவர் இன்னொருவருக்குக் கற்பிப்பார். சந்தா முடியும் நாள் ஒவ்வொரு ஸ்தாபனத்தின் காலண்டரிலும் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அந்த நாளில் மேஜைமேல் இருக்கப்போவது கம்பெனியின் பில்லா, நம் சொந்தத் திட்டமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே.